பட்டையின் பலமும் கழுத்தின் பலமும்

ராட்வைலரோ ராஜபாளையமோ வளர்ப்பவர் கடையில் போய் நின்றால் பெரும்பாலும் ஒன்றைத்தான் கேட்கிறார்: “இருக்கிறதிலேயே ஸ்ட்ராங்கான பெல்ட்டாக் கொடுங்க.” கடைக்காரரும் அகலமானதை, தடிமனானதை, குமிழ் ஆணி பதித்ததை எடுத்துப் போடுகிறார். வாங்குபவர் இரண்டு கையாலும் இழுத்துப் பார்க்கிறார்; அறவில்லை; பணத்தைக் கொடுத்துவிட்டுப் போகிறார். பட்டை எந்த இடத்தில் தெறிக்கும் என்று அங்கே யாரும் கேட்பதில்லை. பட்டை கடைசிவரை தெறிக்காமலே நின்றால் நாய்க்கு என்ன ஆகும் என்றும் கேட்பதில்லை. வலுவான நாய்க்குப் பட்டை தேர்வது பற்றிப் பட்டை செய்பவர்கள், பயிற்சியாளர்கள், கால்நடை மருத்துவர்கள் என்று மூன்று தரப்பும் சொல்வதைச் சேர்த்துப் பார்த்தால், எல்லாம் இந்த இரண்டு கேள்விகளுக்குள் அடங்கிவிடுகிறது. இரண்டாவது கேள்விதான் பெரியது என்பது என் கருத்து.

முதலில் விசைக் கணக்கு. 30 கிலோ எடையுள்ள ஒரு ராஜபாளையம் நாய் பூனையைக் கண்டு நொடிக்கு 8 மீட்டர் வேகத்தில் பாய்கிறது என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 29 கிலோமீட்டர். அந்த இனத்துக்கு இது பெரிய வேகமே இல்லை. அந்த ஓட்டத்தில் இருக்கும் ஆற்றல் 960 ஜூல். லீஷ் விறைத்து, 30 சென்டிமீட்டருக்குள் நாய் நின்றுவிட்டால், கழுத்தில் விழும் சராசரி விசை சுமார் 3,200 நியூட்டன். ஏறக்குறைய 325 கிலோ எடையைக் கழுத்தில் தொங்கவிட்டதற்குச் சமம். பிடித்திருப்பவர் இரண்டடி முன்னால் போய், கையையும் நீட்டிக் கொடுத்து, ஒரு மீட்டர் தூரத்தில் நாயை நிறுத்தினால் அதே விசை 100 கிலோவுக்குள் இறங்கிவிடுகிறது. நாயும் அதே, வேகமும் அதே. நிறுத்திய தூரம் மட்டுமே வேறு.

நல்ல கனமான 25 மில்லிமீட்டர் நைலான் நாடா 1,000 கிலோவுக்கு மேல் தாங்கக்கூடியது. மேலே சொன்ன மோசமான நிலையில்கூட நாடா அறாது. ‘பெல்ட் அறுந்துவிட்டது’ என்று சொல்லப்படுவதை எடுத்துப் பார்த்தால், கொக்கியின் வாய் விரிந்திருக்கும், வளையத்தின் இணைப்பு திறந்திருக்கும், பிளாஸ்டிக் க்ளிப்பின் பல் உடைந்திருக்கும், தையல் பிரிந்திருக்கும், இல்லாவிட்டால் பட்டைக்கு ஒன்றுமே ஆகாமல் தலைவழியே கழன்று வந்திருக்கும். அகலத்தையும் தடிமனையும் கூட்டுவதால் இவற்றில் ஒன்றுகூடச் சரியாவதில்லை.

இனி கழுத்து. நாயின் கழுத்து உருண்டு திரண்டு இருப்பதால் எவ்வளவு இழுத்தாலும் தாங்கும் என்று பலரும் நம்புகிறார்கள். அந்தத் திரட்சி பெரும்பாலும் பிடரிப் பக்கத்துத் தசை. நாய் முன்னால் இழுக்கும்போது பட்டை அழுத்துவதோ தொண்டையை. அங்கே தோலுக்குச் சற்றுக் கீழேயே மூச்சுக்குழாய் ஓடுகிறது. அதன் குருத்தெலும்பு வளையங்கள் முழு வட்டமாக இல்லாமல், முதுகுப்பக்கம் திறந்த பிறை வடிவில் இருப்பவை. குழாயின் மேல்முனையில் குரல்வளை. அதை ஒட்டி இரு பக்கமும் தைராய்டு சுரப்பி. பக்கவாட்டில் தலையிலிருந்து ரத்தத்தைக் கீழே கொண்டுவரும் கழுத்துச் சிரைகள். இழுத்தபடியே நடக்கும் நாய் கரகரவென்று இருமுவதும், நாக்கு கருஞ்சிவப்பாக மாறுவதும் இந்த இடம் நசுங்குவதால்தான். ‘அது எப்பவும் அப்படித்தான் இருமும்’ என்று விட்டுவிடுவது சரியல்ல.

இதை அளந்து பார்த்த ஆய்வுகள் உண்டு. 2006-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில் 26 நாய்களின் கண்ணழுத்தம் அளக்கப்பட்டது. கழுத்துப்பட்டையில் இழுத்தபோது கண்ணழுத்தம் தெளிவாக ஏறியது. மார்பில் அணியும் ஹார்னஸில் இழுத்தபோது அப்படி ஏறவில்லை. கழுத்துச் சிரைகள் அமுங்கி, ரத்தம் இறங்கத் தடைப்பட்டால் கண்ணுக்குள் அழுத்தம் கூடும் என்பதே இதற்குச் சொல்லப்படும் விளக்கம். கண்நீர் அழுத்த நோய்க்கு வாய்ப்புள்ள நாய்களுக்கும் கருவிழி மெலிந்த நாய்களுக்கும் இதனால்தான் மருத்துவர்கள் ஹார்னஸைச் சொல்கிறார்கள்.

2020-இல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் டிரென்ட் பல்கலைக்கழகத்தார் செய்தது இன்னும் நேரடியானது. செயற்கைக் கழுத்து ஒன்றில் அழுத்தமானிகளைப் பொருத்தி, ஏழு வகைப் பட்டைகளையும் ஒரு சுருக்குக் கயிற்றையும் மாட்டி இழுத்துப் பார்த்தார்கள். நாய் உறுதியாக இழுப்பதற்கு 40 நியூட்டன், பலமாக இழுப்பதற்கு 70, வெடுக்கென்று சுண்டுவதற்குச் சராசரி 141 என்று மூன்று நிலைகள். கழுத்தில் பதிவான அழுத்தம் 83 கிலோபாஸ்கலிலிருந்து 832 வரை. இந்த எண்ணின் கனம் புரிய ஒன்றைச் சொல்லலாம்: மனிதரின் மேல்நிலை ரத்த அழுத்தம் 120 என்கிறோமே, அது 16 கிலோபாஸ்கல்தான். மெத்தை வைத்த பட்டைகளும் சோதனையில் இருந்தன. இழுக்கும் நாய்க்குக் காயம் வராது என்று சொல்லும் அளவுக்குக் குறைந்த அழுத்தம் தந்த பட்டை அந்தக் கூட்டத்தில் ஒன்றுகூட இல்லை என்பதே அவர்களின் முடிவு. அவர்கள் இழுத்தது சராசரியாக 40 முதல் 141 நியூட்டனில். நம் கணக்கில் வந்தது ஆயிரக்கணக்கில்.

அப்படியானால் அகலத்தால் பயனே இல்லையா? உண்டு, ஓர் எல்லைவரை. 200 நியூட்டன் இழுவை, தொண்டையில் 15 சென்டிமீட்டர் நீளத்துக்குப் படியும் பட்டை என்று எடுத்துக்கொண்டால், 25 மில்லிமீட்டர் அகலத்தில் சராசரி அழுத்தம் 53 கிலோபாஸ்கல்; 50 மில்லிமீட்டரில் அதில் பாதி. ஆனால் இது பட்டை சீராகப் படிந்தால் மட்டும். விறைப்பான அகலப் பட்டை கழுத்தின் வளைவோடு வளையாது. அதன் மேல்விளிம்போ கீழ்விளிம்போ மட்டும் தொண்டையில் ஏறி அழுத்தும். அப்போது 50 மில்லிமீட்டர் வாங்கியும் 10 மில்லிமீட்டரின் வேலைதான் நடக்கிறது. கையில் எடுத்து வளைத்துப் பார்க்கும்போது விளிம்பு கத்தி போல நிமிர்ந்து நின்றால் அந்தப் பட்டையை வைத்துவிடலாம். 15 முதல் 25 கிலோ நாய்க்கு 25 மில்லிமீட்டர், 40 கிலோ வரை 38, அதற்கு மேல் 50 என்பது பொதுவாகப் பொருந்தும் கணக்கு. கழுத்து நீண்ட நாய்க்கு ஒரு படி அகலம் கூட்டலாம், கழுத்து குட்டையானதற்குக் குறைக்கலாம்.

பட்டையின் நீண்ட வரலாற்றைத் திரும்பிப் பார்த்தாலும், நாய் முழு பலத்தோடு இழுப்பதைத் தாங்குவதற்கென்று அது பிறந்ததாகத் தெரியவில்லை. எகிப்தில் மன்னர் பள்ளத்தாக்கில் மைஹெர்பிரி என்ற பிரபுவின் கல்லறையை 1899-இல் திறந்தபோது கிடைத்த இரண்டு தோல் பட்டைகள் மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேல் பழையவை. ஒன்றில் நாயின் பெயரே எழுதப்பட்டிருக்கிறது. அவை அலங்காரமும் அடையாளமும். இமயமலையில் ஆடு மேய்ப்பவர்கள் தங்கள் நாய்களுக்கு இரும்பு முள் பட்டை மாட்டுவது சிறுத்தை கழுத்தைக் கவ்வாமல் இருக்க. துருக்கியின் கங்கல் நாய்க்கு அதே முள் பட்டை ஓநாய்க்காக. அந்த முட்கள் வெளிநோக்கியவை, நாயைக் காப்பவை. இன்று நகரத்தில் அழகுக்கு விற்கும் முள் பட்டைக்கு அந்த வேலை எதுவும் இல்லை. குழந்தையின் கையையும் இன்னொரு நாயின் வாயையும் கிழிப்பதோடு சரி. கட்டிப்போடும் பட்டைக்குச் சான்று வேண்டுமென்றால் அது இத்தாலியின் பொம்பெயி நகரில் இருக்கிறது. கி.பி. 79-இல் எரிமலைச் சாம்பல் பொழிந்தபோது சங்கிலியில் கட்டுண்டு, தப்ப முடியாமல் முறுக்கிக்கொண்டு இறந்த காவல் நாயின் வார்ப்பு 1874-இல் எடுக்கப்பட்டது. அதன் கழுத்தில் வெண்கலக் குமிழ் பதித்த பட்டை இருந்தது.

பொருட்களைப் பார்ப்போம். சந்தையில் அதிகம் விற்பது நைலான். விலை மலிவு, துவைக்கலாம், பலம் போதும். ஈரத்தில் பத்து சதவீதத்துக்கு மேல் பலம் குறையும், வெயிலில் ஆண்டுக்கணக்கில் காய்ந்தால் இழை நொய்ந்துவிடும். நிறம் வெளுத்து, தொட்டால் மொரமொரவென்று இருந்தால் மாற்றிவிட வேண்டும். பாலியஸ்டர் வெயிலை இன்னும் நன்றாகத் தாங்கும், நீளாது. நாடாவின் வெட்டிய முனையைச் சூட்டில் உருக்கி அடைத்திருப்பார்கள். அந்த உருகிய விளிம்பு கண்ணாடிச் சில்லு போலக் கூராக இருப்பதுண்டு. ராஜபாளையம், சிப்பிப்பாறை போன்ற குட்டை மயிர் நாய்களுக்கு அது போதும், கழுத்தில் கோடு போட. பாலியஸ்டர் நாடாவின் மேல் பிளாஸ்டிக் பூசிய ‘பயோதேன்’ வகை இப்போது பரவி வருகிறது. தண்ணீரை உறிஞ்சாது, நாறாது, துடைத்தால் போதும். கடற்கரையில், குளத்தில், வயலில் திரியும் நாய்க்கு இதைவிட ஏற்றது எனக்குத் தெரிந்து இல்லை. ஆனால் மே மாத வெயிலில் அதன் அடியில் வியர்வையற்ற தோல்கூடப் புழுங்கும்; வீட்டுக்குள் வந்ததும் கழற்றிவிட வேண்டும்.

தோலைப் பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்லத் தோன்றுகிறது, ஏனென்றால் அது நம் மண்ணின் தொழில். திண்டுக்கல், திருச்சி, ஈரோடு பக்கம் மரப்பட்டையில் பதனிடும் தோலுக்கு ‘ஈ.ஐ. தோல்’ என்று உலகச் சந்தையில் பெயர். 2008-இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. முன்பு ஆவாரம்பட்டையில் ஊறவைத்து, கடுக்காயில் முடிப்பார்கள்; பின்னாளில் வாட்டில் மரப்பட்டை வந்தது. இப்படிப் பட்டையில் பதனிட்ட தோல் விறைப்பாக வந்து, பழகப் பழகக் கழுத்தின் வடிவத்துக்கு அமைந்துவிடும், எளிதில் நீளாது. குரோமியம் உப்பில் பதனிட்ட தோல் மென்மையானது, மழையைச் சற்றுத் தாங்கும், ஆனால் இழுக்க இழுக்க நீண்டு, துளைகள் முட்டை வடிவாகும். இரண்டையும் பிரித்தறிய விளிம்பைப் பார்த்தாலே போதும்: வெட்டுமுகம் உள்ளேவரை பழுப்பாக இருந்தால் மரப்பட்டைத் தோல், நடுவில் நீலச்சாம்பல் நிறம் தெரிந்தால் குரோமியம். விளிம்பே தெரியாதபடி பெயின்ட் அடித்து மூடியிருந்தால் உள்ளே அட்டையோ ரெக்சினோ இருக்கக்கூடும். அதை மறுபடி மடித்தால் வெடிப்பு விழும்.

வலுவான நாய்க்கு மூன்றரை, நான்கு மில்லிமீட்டர் தடிமனுள்ள முழுத்தோல் ஒரே அடுக்காகப் போதும். இரண்டு மெல்லிய தோலை ஒட்டித் தைத்தது தடிமனாகத் தெரியும், பசை விட்டதும் சுமை முழுவதும் நூலுக்குப் போய்விடும். மாட்டின் முதுகுப் பகுதித் தோல் நீளாது, வயிற்றுப் பகுதித் தோல் நீளும். பட்டையின் உள்பக்கம் நார் நாராகப் பஞ்சு போல எழுந்து நின்றால் அது பெரும்பாலும் வயிற்றுப் பகுதி. சாயம் நன்றாக ஏறாத தோலை வெள்ளை ராஜபாளையத்துக்கு மாட்டினால் முதல் மழையிலேயே கழுத்தில் சிவப்பு வளையம் விழும். ஈரத்துணியால் அழுத்தித் துடைத்துப் பார்த்து வாங்குவது நல்லது. ஐப்பசி கார்த்திகையில் தோல் பூசணம் பிடிக்கும். நிழலில் உலர்த்தி, ஒரு சொட்டு விளக்கெண்ணெயைத் துணியில் எடுத்து மேலோட்டமாகத் தடவினால் போதும். எண்ணெயில் ஊறப்போட்டால் தோல் தொய்ந்துவிடும். குதிரைச் சேணமும் நாய்ப்பட்டையும் ஏற்றுமதிக்குத் தைக்கும் ஊர் என்று கான்பூருக்குப் பெயர் உண்டு. நம் ஊர்களிலும் காளைக்குச் சலங்கைப்பட்டை தைக்கும் கைகள் இருக்கின்றன. நாயின் கழுத்தளவைக் கொடுத்து அவர்களிடம் தைக்கச் சொல்வது, கடையில் மாட்டியிருக்கும் பாதி மாதிரிகளைவிட நல்ல பட்டையைத் தரும்.

உலோகப் பாகங்களில்தான் ஏமாற்றம் அதிகம். ஒரு பட்டையைக் கையில் எடுத்தால் முதலில் பார்க்க வேண்டியது லீஷ் மாட்டும் அரைவட்ட வளையம். அதைச் சுற்றிலும் நகத்தை ஓட்டினால், கம்பியின் இரண்டு முனையும் சேரும் இடத்தில் நகம் சிக்குகிறதா என்று தெரியும். சிக்கினால் அது வெறுமனே வளைத்துச் சேர்த்த வளையம். பலமாக இழுத்தால் வாய் திறக்கும். பற்றவைத்த வளையத்தில் அந்த இடம் சிறு மேடாக இருக்கும் அல்லது அடையாளமே தெரியாது. அடுத்து, அது என்ன உலோகம்? பளபளவென்று இருந்தும் கையில் லேசாக, ஓரங்களில் அச்சு வார்த்த கோடு தெரிந்தால் துத்தநாகக் கலவை. மெதுவாக வளையாது, ஒரு நாள் சடக்கென்று முறியும், முறிந்த இடம் மணல் மணலாகச் சாம்பல் நிறத்தில் இருக்கும். காந்தம் ஒட்டினால் மேலே முலாம் பூசிய இரும்பு. பலம் உண்டு, முலாம் உரிந்ததும் துருப் பிடிக்கும். சென்னை, தூத்துக்குடி, நாகை போன்ற கடலோர ஊர்களில் ஒரே மழைக்காலத்தில் இது நடந்துவிடும். அங்கே பித்தளையோ 316 ரகத் துருவேறா எஃகோதான் நீடிக்கும். கடலிலிருந்து தள்ளியிருந்தால் 304 போதும்.

லீஷின் கொக்கியை மறந்துவிடுகிறோம். இருபது ஆண்டு உழைக்கும் பட்டையை வாங்கி, அதில் முப்பது ரூபாய்க் கொக்கியை மாட்டுவது வழக்கமாக நடக்கிறது. சுழலும் கொக்கியின் அச்சாணி உள்ளே மறைந்திருக்கும், தேய்மானம் அங்கேதான். கொக்கியை ஒரு கையிலும் கயிற்றுக் கண்ணை மறு கையிலும் பிடித்துச் சாய்த்துப் பார்த்தால் அச்சு லொடலொடவென்று ஆடும். அப்படி ஆடினால் அதன் ஆயுள் முடிந்துவிட்டது.

பூட்டும் முறைகளில் பழைய பக்கிளே எனக்கு உகந்தது. துளையில் ஊசி இறங்கி நிற்கும் பக்கிள், பட்டை உருண்டு நுழைய உருளை வைத்தது, அகலப் பட்டை என்றால் இரண்டு ஊசி. இது தானாகக் கழலாது. அமுக்கித் திறக்கும் பிளாஸ்டிக் க்ளிப்பில் நல்ல ரகங்கள் உண்டு, ஆனால் சாதாரணக் க்ளிப் 100 கிலோ இழுவைக்குள்ளேயே விட்டுவிடும். வெயிலில் கிடந்ததென்றால் அதற்கும் முன்பே. ஆஸ்திரியாவின் ஆஸ்திரிஆல்பின் நிறுவனம் மலையேற்றக்காரர்களுக்கும் படையினருக்கும் செய்யும் கோப்ரா பக்கிள், சுமை இருக்கும்போது எவ்வளவு அமுக்கினாலும் திறக்காது. நல்ல பொருள்தான். ஆனால் நாய் எதிலாவது மாட்டிக்கொண்டு தொங்கினால் அதே குணம் ஆபத்தாகிவிடும், உடனே கழற்ற முடியாது. ஊசிப் பக்கிளிலும் இதே சிக்கல் உண்டு. அதனால்தான் கனப்பட்டையோடு நாயைத் தனியே விடக்கூடாது, இரண்டு நாய்கள் கவ்வி விளையாடும்போதும் பட்டை கழுத்தில் இருக்கக்கூடாது. ஒன்றின் கீழ்த்தாடை மற்றதன் பட்டைக்குள் சிக்கி, பதறி உருண்டால், பட்டை முறுக்கி நொடியில் மூச்சை அடைக்கும்.

நாடாப் பட்டையில் தையலைப் பார்க்க ஓர் எளிய அடையாளம்: வளையத்தைப் பிடித்திருக்கும் இடத்தில் சதுரம் தைத்து, அதற்குள் பெருக்கல் குறி தைத்திருக்க வேண்டும். ஒரே ஒரு கோடு ஓடியிருந்தால் வேண்டாம். தோலில் இரண்டு ஊசியால் எதிரெதிராகக் கோத்த கைத்தையல், ஒரு கண்ணி அறுந்தாலும் அடுத்தது விடாது. இயந்திரத் தையல் ஓரிடத்தில் அறுந்தால் மெல்ல மெல்ல ஓடும்.

அளவு என்ற விஷயத்தில் இனத்துக்கு இனம் வேறுபாடு பெரிது. இரண்டு விரல் தட்டையாக நுழைய வேண்டும் என்பது ராட்வைலர், லாப்ரடார், கோம்பை ஆகியவற்றுக்குச் சரி. சிப்பிப்பாறை, கன்னி ஆகிய நம் தென்மாவட்ட வேட்டை நாய்களுக்கு அது போதாது. அவற்றின் தலை ஒடுக்கம், கழுத்து நீளம். காதுக்குப் பின்னால் தலையின் சுற்றளவும் கழுத்தின் சுற்றளவும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும். பயந்த நொடியில் இரண்டடி பின்னால் போய்த் தலையைக் குனிந்தால் எந்தக் கனப்பட்டையும் உருவி வந்துவிடும், நாய் சாலையில் நிற்கும். பலர் இதற்குப் பட்டையை இன்னும் இறுக்குகிறார்கள். அது தவறு. இவற்றுக்கென்றே இருப்பது மார்டிங்கேல்: பெரிய வளையம் ஒன்று, அதை இழுக்கும் சிறு வளையம் ஒன்று. இழுத்தால் ஓர் அளவுவரை மட்டும் இறுகும், விட்டால் தளரும். முழுதும் இறுகிய நிலையில் அதன் சுற்றளவு காதுக்குப் பின்னால் உள்ள தலைச் சுற்றளவைவிடக் கொஞ்சம் குறைவாக இருக்க வேண்டும், அதற்கு மேல் இறுக இடம் இருக்கக்கூடாது. 40, 50 மில்லிமீட்டர் அகலத்தில் மென்மையான உள்பக்கத்தோடு வாங்கினால் அந்த மெல்லிய கழுத்துக்கு ஏற்றது. நடைக்கு மட்டும் மாட்டுவது, வீட்டுக்குள் வேண்டாம்.

குட்டிகளைப் பற்றி ஒன்று. பெரிய இனக் குட்டியின் கழுத்து நான்கு மாதத்திலிருந்து பத்து மாதத்துக்குள் வேகமாகப் பருக்கும். ‘வளர்ந்த பிறகும் ஆகும்’ என்று கனப்பட்டையை அப்போதே மாட்டுவதும், மாட்டியதை மாற்ற மறப்பதும் இரண்டுமே கேடு. தோலுக்குள் பட்டை புதைந்து, சதை மூடி, அறுவை செய்து எடுக்க வேண்டிய நிலையில் நாய்களைக் கால்நடை மருத்துவமனைகளுக்குக் கொண்டுவருகிறார்கள். வாரம் ஒருமுறை விரல் விட்டுப் பார்த்தால் இது நடக்கவே நடக்காது.

வலித்தால் இழுக்காது என்ற எண்ணத்தில் விற்கும் கருவிகள் தனி வகை. நம் ஊரில் அதிகம் புழங்குவது சோக் செயின். இழுத்தால் இறுகும், இறுகுவதற்கு எல்லை கிடையாது. மாட்டும் திசை தவறினால் இறுகியது தளரவும் தளராது. கழுத்தில் அதைத் திருப்பி மாட்டிய நாய்களைத் தெருவில் தினமும் பார்க்கலாம். உள்நோக்கிய கம்பிமுனைகள் கொண்ட பட்டையைப் பயிற்சியில் பயன்படுத்துவதை ஜெர்மனி 2022 முதல் தடை செய்தது. மின்னதிர்ச்சிப் பட்டையை வேல்ஸ் 2010-லேயே தடை செய்துவிட்டது. இவை ‘வேலை செய்யும்’ என்பவர்கள் இருக்கிறார்கள். வலியால் நாய் இழுப்பதை நிறுத்தக்கூடும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த வலியை நாய் எதோடு சேர்த்து நினைவில் வைக்கும் என்பது நம் கையில் இல்லை. எதிரே குழந்தை வரும்போதெல்லாம் கழுத்தில் குத்தினால், குழந்தையைக் கண்டாலே உறுமத் தொடங்கும். வலுவான தாடையுள்ள நாய்க்கு அதைவிட மோசமான பாடம் இல்லை.

ஹார்னஸ் தொண்டையைக் காப்பாற்றுகிறது, அதில் ஐயமில்லை. ஆனால் அதுவும் குறையற்றதல்ல. 2019-இல் வெளியான ஓர் ஆய்வு, தோளை மறிக்கும் ஹார்னஸ், மறிக்காதது என்று விற்கப்படும் ஹார்னஸ் இரண்டையும் மாட்டி நாய்களை நடக்கவும் ஓடவும் விட்டு அளந்தது. இரண்டிலும் முன்கால் நீட்டம் குறைந்தது. மறிக்காதது என்று சொல்லப்பட்டதில்தான் கூடுதலாகக் குறைந்தது. ஆகவே பெயரை நம்பாமல் நாயின் நடையைப் பார்க்க வேண்டும்: மார்புப் பட்டி மார்பெலும்பின் மேல் படிகிறதா, அக்குளில் உராயாமல் மூன்று நான்கு விரல் இடம் இருக்கிறதா என்று. முதுகு வளையத்தில் லீஷை மாட்டினால் நாய்க்கு இழுப்பது சுகமாகிவிடும். மார்பு முன்புறம் வளையமுள்ளதில் மாட்டினால் இழுக்கும் நாய் பக்கவாட்டில் திரும்பும், வேகம் தானே குறையும். பத்து மீட்டர் நீளக் கயிற்றில் ஓடவிட்டால் அது கண்டிப்பாக ஹார்னஸில்தான். கழுத்துப்பட்டையில் கட்டினால், ஓடிய நாய் கயிற்றின் முனையில் சுண்டி நிற்கும்போது முதலில் சொன்ன 3,200 நியூட்டன் கணக்கு அப்படியே கழுத்தில் இறங்கும். ஹார்னஸிலிருந்தும் நாய் பின்வாங்கி உருவிக்கொள்ளும். அதனால் இரண்டு முனையிலும் கொக்கி உள்ள லீஷில் ஒன்றை ஹார்னஸுக்கும் மற்றதைக் கழுத்துப்பட்டைக்கும் மாட்டுவது நல்ல ஏற்பாடு. அன்றாட இழுவை மார்புக்கு, கழுத்துப்பட்டை அவசரத்துக்கு. கனமான பட்டைக்கு உரிய இடம் இதுதான் என்று நான் நினைக்கிறேன். நெரிசலான தெருவில் பெரிய நாயைச் சட்டென்று நிறுத்தி அருகே பிடித்துக்கொள்ள, கைப்பிடி தைத்த 50 மில்லிமீட்டர் பட்டைக்கு நிகரில்லை. நாள் முழுவதும் அதில் இழுபட வைப்பது அதன் வேலை அல்ல.

லீஷ் விறைத்ததும் நின்றுவிடுவது, தளர்ந்ததும் நடப்பது என்ற எளிய பயிற்சியைச் சில வாரம் விடாமல் செய்தால், 40 கிலோ நாயும் சாதாரணப் பட்டையில் நடக்கும். இதற்குக் கடையில் விலை இல்லாததால் யாரும் விளம்பரம் செய்வதில்லை.

நம் வீடுகளில் கனப்பட்டை வாங்கப்படுவது பெரும்பாலும் நடைக்காக அல்ல, கட்டிப்போடுவதற்காக. அங்கேதான் தீங்கு மிகுதி. 6 மில்லிமீட்டர் கம்பிச் சங்கிலி மீட்டருக்கு ஏறக்குறைய முக்கால் கிலோ. மூன்று மீட்டர் சங்கிலி என்றால் இரண்டேகால் கிலோ, நாள் முழுவதும் கழுத்தெலும்பில் தொங்குகிறது. வெயிலில் அது தொட முடியாத சூடு. சுழலும் இணைப்பு இல்லாவிட்டால் முறுக்கி முறுக்கிக் குட்டையாகி, நாய் தண்ணீர்ச் சட்டியைக்கூட எட்ட முடியாமல் நிற்கும். சுற்றுச்சுவரை ஒட்டியோ மாடிப்படியிலோ மொட்டை மாடிக் கைப்பிடியிலோ கட்டிய நாய் மறுபக்கம் தாவினால், அறாத பட்டையும் திறக்காத கொக்கியும் சேர்ந்து அதைத் தூக்கில் தொங்கவிடும். சங்கிலியின் முழு நீளத்துக்கு எந்தப் பக்கமும் ஏறித் தாவ இடமில்லாத தரையில்தான் கட்டலாம், அதுவும் கொஞ்ச நேரம். 1960-ஆம் ஆண்டு விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆவது பிரிவு, அளவுக்கு மீறிக் குட்டையான அல்லது கனமான சங்கிலியில் விலங்கை நெடுநேரம் கட்டி வைப்பதையும், எப்போதும் கட்டியே வைத்த நாய்க்கு ஓட்டமும் நடையும் தராமல் இருப்பதையும் வதை என்று தெளிவாகச் சொல்கிறது. முதல் குற்றத்துக்கு அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய்வரை. அறுபது ஆண்டுகளுக்கு மேலாக அந்த உச்சவரம்பு அப்படியே இருப்பது வெட்கக்கேடு.

எந்தப் பட்டையானாலும் இரவில் கழற்றிவிட்டு, மயிரை எதிர்த் திசையில் விலக்கிக் கழுத்தைப் பார்க்க வேண்டும். நம் தட்பவெப்பத்தில் பட்டைக்கு அடியில் இருக்கும் இருட்டும் ஈரமும் உண்ணிக்கு மிகப் பிடித்த இடம். சாம்பல் நிறத்தில் துவரம்பருப்பளவு உப்பியிருப்பது கண்ணில் படும். எள்ளளவில் பழுப்பாக ஒட்டியிருக்கும் குஞ்சுகள் தடவினால்தான் தெரியும். எர்லிக்கியா, பபேசியா போன்ற உண்ணிக் காய்ச்சல்கள் தமிழ்நாட்டில் நாய்களை அடிக்கடி படுக்கவைப்பவை. மயிர் தேய்ந்து பளபளத்தால் பட்டை உராய்கிறது. ஈரமாகச் சிவந்து நாற்றம் வந்தால் புண் தொடங்கிவிட்டது, ஆறும்வரை கழுத்தில் எதுவும் ஏறக்கூடாது.

பட்டையை வாங்கியதும் தொலைபேசி எண்ணைப் பொறித்த பித்தளைத் தகட்டை அதில் தட்டையாக ரிவெட் அடித்துவிடுவது நல்லது. தொங்கும் வில்லை கிணுகிணுவென்று அழகாகத்தான் இருக்கும். ஆனால் அதைக் கோக்கும் சாவிக்கொத்து வளையம் லீஷ் வளையத்துக்குப் பக்கத்திலேயே இருப்பதால், இருட்டிலோ அவசரத்திலோ கொக்கியைத் தவறி அந்த மெல்லிய வளையத்தில் மாட்டிவிடுகிறார்கள். மாட்டும்போது வித்தியாசமே தெரியாது. நாய் முதல்முறை பாயும்போது அது கம்பியாக நீண்டுவிடும்.